கடலோரப் பட்டறையில் பழைய மைபோர்ட் எம்.எல்.7 லேத்: முதல் ஓட்டத்துக்கு முதல் என்ன பார்க்க வேணும், எந்த ஒயில்?

உப்புவெளிப் பட்டறை கேட்டது:

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கிற பட்டறைக்குப் பாவித்த மைபோர்ட் எம்.எல்.7 லேத் ஒன்று வந்திருக்கு. சென்ரர் உயரம் மூன்றரை இஞ்சி. ஹெட்ஸ்டொக்கில் (ஸ்பிண்டில் என்கிற சுற்றும் தண்டைத் தாங்கும் இடப்பக்கத் தலை) வைட் மெட்டல் பெயாரிங். மோட்டர் சிங்கிள் பேஸ், அரைக் குதிரை வலு. கன காலம் தறப்பாளுக்குக் கீழே மூடிக் கிடந்த மெசின்.

இப்போதைய நிலை: டெயில்ஸ்டொக் (வலப்பக்கத் தாங்கி) பக்கம் பெட்டில் (நீள இரும்புத் தளம்) கறள் புள்ளிகள். சேடிலை (வெட்டும் கருவியைத் தாங்கிப் பெட்டில் நகரும் பகுதி) தள்ளினால் முதலில் இறுகி நின்று, பிறகு குதித்து ஓடுகிறது. ஹெட்ஸ்டொக்கின் மேல் இருக்கிற இரண்டு சொட்டு ஒயில் குப்பிகளில் முன்னது சொட்டவே இல்லை, பின்னது ஊற்றினதை எல்லாம் ஒரேயடியாக விட்டுவிடுகிறது. சில நிப்பிள்களுக்குள் மெழுகு போல் காய்ந்த கிறீஸ். சக் (வேலைத்துண்டைப் பிடிக்கும் தலை) கழலவில்லை. ஸ்பிண்டில் கையால் சுற்றும். மோட்டர் இன்னும் போடவில்லை.

வேலை பெரும்பாலும் வள்ளத்து என்ஜின்களுக்கான பித்தளை, கன்மெட்டல் புஷ்களும் ஸ்டெயின்லெஸ் பின்களும். ஹெட்ஸ்டொக்குக்கு வி.ஜி. (ஒயில் தடிப்பு எண்) 32, பெட்டுக்கு வி.ஜி. 68 சிலைட்வே ஒயில் என்று கைநூலில் கிடக்கு. இங்கே கடைகளில் கேட்டவுடன் கிடைப்பது 20டபிள்யூ-50 என்ஜின் ஒயில், ஹைட்ரோலிக் 68, கியர் பெட்டிக்கு விடும் சிவப்பு ஏ.டி.எஃப்., தையல் மெசின் ஒயில். 32 கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேணும். அது இல்லாமல் சமாளிக்கலாமா? எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது? மாரி தொடங்க முதல் ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர வேணும்.


கொட்டியாரக்குடா எழுதியது:

முதல் வேலை, மோட்டர் வயரைக் கழற்றி வையுங்க. ஆராவது ஒருத்தர் சும்மா ஒருக்கா ஓட்டிப் பாப்பம் எண்டு சுவிச்சைத் தட்டினாப் போதும். பெயாரிங்குக்குள்ள காஞ்ச ஒயில் பிசினும் தூசியும் சேர்ந்து வைட் மெட்டலில கோடு இழுத்துப் போடும்.

கறளைத் தொட முதல் உப்பைக் கழுவ வேணும். இதைத்தான் நிறையப் பேர் விட்டிடுறது. உப்பு மண்ணெண்ணெயில கரையாது, ஒயிலிலயும் கரையாது. தண்ணியில மட்டும்தான் கரையும். உப்புக்கு மேல ஒயிலைப் பூசினா ஒயிலுக்குக் கீழ கறள் தன் பாட்டில ஓடிக்கொண்டிருக்கும். அதனால முதல்ல மண்ணெண்ணெயால பிசுக்கை எடுங்க. பிறகு கோப்பை கழுவுற திரவம் நாலைஞ்சு சொட்டு விட்ட தண்ணியில துணியை நனைச்சு, நல்லா முறுக்கிப் பிழிஞ்சு பெட், கிறொஸ் சிலைட், டெயில்ஸ்டொக் எல்லாம் துடையுங்க. அடுத்தது வெறும் தண்ணித் துணி. உடனேயே காஞ்ச துணி, கடைசியா ஸ்பிரிட். துடைச்ச இடத்தைக் கால் மணித்தியாலத்துக்குள்ள ஒயிலால மூடியிருக்க வேணும். ஒரு நேரத்தில ஒரு அடி நீளம் மட்டும் எடுத்துச் செய்தா இது லேசு. உப்புவெளிப் பக்கம் கிணத்துத் தண்ணி பல இடத்தில சவர், அது வேண்டாம். மழைத்தண்ணி ரெண்டு லீற்றர் தாராளம். ஹெட்ஸ்டொக்குக்குள்ள தண்ணித் துணி போகவே கூடாது.

கறளுக்கு எமரிப் பேப்பரும் வேண்டாம், கிறைண்டரில போடுற கம்பிச் சில்லும் வேண்டாம். சவர அலகை ஒயில் விட்ட பெட்டில படுக்க வைச்சுத் தள்ளினா மேல எழும்பி நிக்கிற கறள் மட்டும் சுரண்டுப்பட்டு வரும். மிச்சத்துக்கு 0000 இரும்புப் பஞ்சு, அதுவும் ஒயிலோட. குசினியில சட்டி தேய்க்கிற பச்சைத் துண்டில அரைபொருள் ஒட்டியிருக்கு, பெட்டுக்குப் பாவிக்காதீங்க. சுரண்டின பிறகு கறுப்புக் குழி தெரிஞ்சா விட்டிடுங்க. குழி ஒயிலைப் பிடிச்சு வைக்கும், அளவைக் கெடுக்காது. மேடுதான் கெடுக்கும்.

புளி, தேசிக்காய் போடச் சொல்லி ஆரும் சொல்லுவினம். கைபிடி, நட் மாதிரிச் சின்னச் சாமானுக்குச் சரி. பெட்டுக்குப் போட்டா அமிலம் நல்ல இரும்பையும் அரிச்சு முகத்தைச் சொரசொரப்பாக்கும். இந்தக் கடல் காத்தில பின்னேரத்துக்குள்ள செம்மஞ்சள் கறள் திரும்பவும் ஏறும்.

கொம்பிரசர் காத்து அடிக்காதீங்க. தூளை வெளியில தள்ளுறதை விடச் சேடிலுக்கும் பெட்டுக்கும் இடையிலதான் தள்ளும். தூரிகையும் துணியும் போதும்.

நிப்பிளுக்குள்ள கிறீஸ் இருக்கெண்டா ஆரோ கிறீஸ் பம்பால அடிச்சிருக்கினம். அதெல்லாம் ஒயில் நிப்பிள். கிறீஸ் குறுகின ஒயில் வழியில போய்க் காஞ்சா, பிறகு எவ்வளவு ஒயில் அடிச்சாலும் பக்கத்தால வழியுமே தவிர உள்ள போகாது. நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில ஊறப் போடுங்க. துவாரத்துக்குள்ள மெல்லிய செப்புக் கம்பியால குத்தி, மருந்துக் கடையில வாங்கின 5 மில்லிலீற்றர் சிரிஞ்சால மண்ணெண்ணெயைத் தள்ளுங்க. மறுபக்கத்தால வாறது தெளிவாகும் வரைக்கும் தள்ளி, கடைசியா ஒயிலைத் தள்ளுங்க. கவுண்டர் சாஃப்டில (மோட்டருக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையில சுத்துற தண்டு) எண்ணெய் ஊறின வெண்கலப் புஷ் இருந்தா அதை மட்டும் மண்ணெண்ணெயில போடக் கூடாது, ஊறியிருக்கிற ஒயில் வெளியில வந்திடும். ஏற்கெனவே ஊறப் போட்டிருந்தா 80 பாகை அளவு சூடான ஒயிலில குமிழி நிக்கும் வரைக்கும் வைச்சு எடுங்க.

இன்னொண்டு, ஸ்பானர். இது விட்வர்த், பி.எஸ்.எஃப்., பி.ஏ. எண்ட பழைய பிரித்தானிய அளவுப் போல்ட்டுகள் உள்ள மெசின். மில்லிமீற்றர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பிடிக்கிற மாதிரி இருந்து தலையை உருட்டிவிடும். 1957 வரைக்கும் பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர் எண்டபடியால் பழைய இரும்புக் கடைகளில இஞ்சி ஸ்பானர் தேடினா அகப்படும்.


சீனக்குடா பிட்டர் எழுதியது:

ஹெட்ஸ்டொக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த மெசினின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வைட் மெட்டல் மென்மையான கலப்பு. சின்னத் துணிக்கை வந்தால் அதைத் தன்னுள் அமுக்கி ஸ்பிண்டிலைக் காப்பாற்றும். துணிக்கைகள் அளவுக்கு மிஞ்சினால் அதே பெயாரிங் எமரிக் கடதாசி போல் ஆகி ஸ்பிண்டிலைத் தேய்க்கத் தொடங்கும். கன காலம் நின்ற மெசினில் பெயாரிங் மூடிகளைத் திறந்து பார்க்காமல் ஓட்டக்கூடாது என்பது இதனால்தான்.

திறக்க முதல் மூடி இரண்டிலும் முன், பின், இடம், வலம் என்று குறியுங்கள். மூடிக்கும் உடலுக்கும் இடையில் இரு பக்கமும் ஷிம் தகடுகள் இருக்கும். அவை தோல் தோலாக உரியக்கூடியவை. எது எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே பக்கத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஷெல்களை (வைட் மெட்டல் உள்ள பெயாரிங் அரைத்துண்டுகள்) மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சு நூல் விடாத துணியால் துடையுங்கள். ஒயில் பள்ளத்தில் இருக்கிற பிசினை மூங்கில் குச்சியால் எடுங்கள். இரும்பு ஊசி வேண்டாம். வைட் மெட்டலை எதனாலும் தேய்க்காதீர்கள். சாம்பல் நிறத்தில் மினுங்கினால் நல்லது. வெடிப்போ, செதில் எழும்பின இடமோ இருந்தால் ஷெல் மாற்ற வேண்டும். பீஸ்டனில் இருந்த மைபோர்ட் ஆலை 2011இல் மூடப்பட்டாலும் அந்தப் பெயரை வாங்கிய ஆர்.டி.ஜி. டூல்ஸ் உதிரிப்பாகங்கள் விற்கிறது. எனவே ஷெல் கெட்டிருந்தாலும் மெசின் கைவிட்டுப் போகாது.

திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை முழுதாக இறுக்குங்கள். இடைவெளியைத் தீர்மானிப்பது ஷிம், போல்ட் இல்லை. ஸ்பிண்டில் இறுகுகிறதே என்று போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி ஓட்டுவது இந்த மெசின்களில் அடிக்கடி காண்கிற பிழை. மூடி அதிர்ந்து, வெட்டின முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். பெயாரிங்கும் ஒரு பக்கமாகத் தேயும்.

தேய்மானத்தை அளக்க பெல்ட்டைத் தளர்த்துங்கள். டயல் கேஜின் காந்தத் தளத்தை பெட்டில் வைத்து, முள்ளை ஸ்பிண்டில் மூக்கில் மரைக்குப் பின்னால் உள்ள வழுவழுப்பான பகுதியின் மேல் நிறுத்துங்கள். சக்கில் ஒரு அடி நீளக் கம்பியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கம்பியில் அளக்கக் கூடாது, கம்பி வளைவதும் சேர்ந்து வரும். முள் 0.02 முதல் 0.04 மில்லிமீற்றர் வரை காட்டினால் தொடாதீர்கள். 0.06க்கு மேல் என்றால் ஷிம் உரிக்க வேண்டும். நீளவாக்கு ஆட்டத்தையும் இதே நேரத்தில் அளந்து குறித்து வையுங்கள்.

சொட்டுக் குப்பி: முன்னதில் ஊசி வால்வில் பிசின். பின்னதில் ஊசி சரியாக அமரவில்லை, அல்லது நுனி தேய்ந்திருக்கிறது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பார்க்கும் குழாய் பிளாஸ்டிக் என்றால் தின்னர் படக்கூடாது, வெளிறி வெடிக்கும். நிமிடத்துக்கு ஐந்தாறு சொட்டு என்று வையுங்கள். ஓட்ட முதல் ஒரு நிமிடம் சொட்ட விட்டு, ஸ்பிண்டிலைக் கையால் பத்துச் சுற்று சுற்றி, அதன் பிறகுதான் சுவிச். நிறுத்தினதும் குப்பியை மூடுங்கள். மூட மறந்தால் விடியும்போது குப்பி வெறுமையாக இருக்கும், அடுத்த ஓட்டம் வறண்ட ஓட்டமாகும். ஹெட்ஸ்டொக்கிலிருந்து கீழே ஒயில் சொட்டுவது கோளாறு இல்லை, இது ஒருமுறை போய் வெளியேறும் முறை. தட்டு ஒன்று வைத்துப் பிடியுங்கள். பிடித்ததைத் திரும்பக் குப்பிக்குள் ஊற்றாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு இடம் ஸ்பிண்டிலில் இருக்கும் கூம்புக் கப்பியின் உட்பகுதி. நேர் ஓட்டத்தில் கப்பியும் ஸ்பிண்டிலும் ஒன்றாகச் சுற்றும், உராய்வே இல்லை. பாக் கியர் (ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் கியர்) போட்டதும் கப்பி வேகமாகவும் ஸ்பிண்டில் மெதுவாகவும் போகும். அப்போது கப்பி ஸ்பிண்டிலின் மேலேயே உராய்ந்து சுற்றுகிறது. கப்பியின் பள்ளத்தில் உள்ள சின்ன ஸ்குறூவைக் கழற்றி ஒயில் விட்டு, ஸ்குறூவைத் திரும்பப் பூட்டுங்கள். பாக் கியர் பாவிக்கிற நாளெல்லாம் இது வேண்டும். ஸ்குறூவை மறந்தால் ஒயில் முழுவதும் பெல்ட்டில் தெறிக்கும்.

சக்: பாக் கியரையும் நேர் பூட்டையும் (கப்பியை ஸ்பிண்டிலோடு இணைப்பது) ஒன்றாகப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டி, சக்கை அடித்துக் கழற்றாதீர்கள். பாக் கியரின் பல் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். மரைக்கு ஊடுருவும் ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். பிறகு சக்கின் ஒரு தாடையைப் பின்பக்கம் கொண்டுவந்து, தாடைக்கும் பெட்டின் பின் ஓரத்துக்கும் இடையில் பலகைத் துண்டு வைத்து, கப்பியைக் கையால் பின்னோக்கிச் சுண்டுங்கள். சக்கின் மேற்பகுதி உங்களை விட்டு விலகிப் போகும் திசை அது. அசையாவிட்டால் சக்கின் உடலை வெந்நீர்த் துணியால் சூடாக்கி மீண்டும் சுண்டுங்கள். கீழே பெட்டில் பலகை இருக்கட்டும், சக் விழுந்தால் பெட்டில் பள்ளம் விழும்.


நிலாவெளிக் கடைசல் எழுதியது:

ஒயில் விசயத்தில் எனக்கு ஒரு வேறு கருத்து இருக்கு.

வி.ஜி. 32 எண்டா 40 பாகையில் தடிப்பு 32 எண்டு அர்த்தம். கைநூல் எழுதினவை இங்கிலாந்தில, 20 பாகைக்கும் குறைஞ்ச பட்டறையை நினைச்சு எழுதினவை. 20 பாகையில அதே ஒயில் 80 தாண்டும். திருகோணமலையில தகரக் கூரைக்குக் கீழ பகலில 32, 33 பாகை. அங்க 32 ஒயிலின்ர தடிப்பு 45 அளவுக்கு இறங்கிவிடும். 46 ஒயில் இங்க 65 அளவில நிக்கும், அதுவே கைநூல் நினைச்ச தடிப்புக்குக் கிட்ட. இதின்ர உச்ச வேகம் நிமிசத்துக்கு 640 சுற்றுத்தான், அதிவேக மெசின் இல்லை. தேஞ்ச பெயாரிங் எண்டா 46 படலத்தை இன்னும் நல்லாத் தாங்கும். 32 வரும் வரைக்கும் காத்திருக்காமல் ஹைட்ரோலிக் 46 கிடைச்சா அதைப் போட்டு ஓட்டுங்கோ.

20டபிள்யூ-50 வேண்டாம். 40 பாகையில அது 150 தாண்டும். ஷிம் சரியா வைச்ச பெயாரிங்கில அது சூட்டைக் கூட்டும், அரைக் குதிரை மோட்டரும் முக்கும். அதோட என்ஜின் ஒயிலில போடுற கழுவு மருந்து அழுக்கையும் ஈரத்தையும் கீழ படிய விடாமல் தனக்குள்ள தூக்கி வைச்சிருக்கும்; என்ஜினில வடிகட்டி இருக்கு, இங்க இல்லை. தையல் மெசின் ஒயில் ஸ்பிண்டிலுக்கு மிச்சம் மெல்லிசு. ஏ.டி.எஃப். தடிப்பில 32க்குக் கிட்ட, வேற வழி இல்லாட்டி சில கிழமைக்குச் சமாளிக்கலாம். உழவு மெசினுக்கு விடுற, கியரும் ஹைட்ரோலிக்கும் ஒண்டா உள்ள ஒயிலை வாங்கிப் போடாதேங்கோ; அது தண்ணியைத் தன்னோட கலந்து வைச்சிருக்கிற மாதிரிச் செய்தது. பக்கோவுக்கு விடுற சாதாரண ஹைட்ரோலிக் ஒயில் வேற, அதில இருக்கிற தேய்மானத் தடுப்பு மருந்து வைட் மெட்டலுக்கும் வெண்கலத்துக்கும் கெடுதி இல்லை.

பெட்டுக்குச் சிலைட்வே 68 எண்டு தனியாச் சொல்லுறதுக்குக் காரணம் நீங்கள் எழுதின அந்தக் குதிப்புத்தான். சேடில் மெதுவாப் போகேக்க அதின்ர பாரம் சாதாரண ஒயிலைப் பிதுக்கி வெளியில தள்ளிவிடும். இரும்பும் இரும்பும் தொட்டு ஒட்டும், பிறகு விடுபட்டுக் குதிக்கும். சிலைட்வே ஒயிலில ஒட்டுந்தன்மைக்கு மருந்து இருக்கு, பிதுங்காமல் நிக்கும். கிடைக்கும் வரைக்கும் ஹைட்ரோலிக் 68 ஓடும், ஆனால் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் விட வேணும். கிறீஸ் பூசாதேங்கோ, இரும்புத் தூள் அதில ஒட்டி அரைக்கும் பசை ஆகும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், மாதக்கணக்கில காத்துப்பட்டுப் பிசின் பிடிக்கும்.

ஒயில் விட்ட உடன சேடிலை முழு நீளத்துக்கும் ரெண்டு தரம் ஓட்டி, ஓரத்தில வாற கறுப்பைத் துடையுங்கோ. தெளிவா வாற வரைக்கும் திரும்பத் திரும்ப. கறுப்பு நிக்கவே இல்லையெண்டா சேடில் ஓரத்தில இருக்கிற ஃபெல்ட் துண்டுக்குள்ள தூள் குடியிருக்கு. கழற்றிக் கழுவுறதை விடப் புதுசு வெட்டிப் போடுறது நல்லது.

எவ்வளவு வாங்குறது: நிமிசத்துக்கு ஆறு சொட்டு, ரெண்டு குப்பி எண்டா மணித்தியாலத்துக்கு 720 சொட்டு. 20, 25 மில்லிலீற்றர் வரும். முழு நாள் ஓட்டினா 200 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் ஒரு கிழமைக்குத்தான். நாலு லீற்றர் கானாக எடுங்கோ. பெட்டுக்கு ஒரு லீற்றர் பல மாதம் போகும்.


சீனக்குடா பிட்டர்:

46 பற்றிய கணக்குச் சரி, ஆனால் அது மெசின் ஆறி இருக்கும்போது உள்ள கணக்கு. அரை மணித்தியாலம் ஓடின பிறகு பெயாரிங் எங்கேயும் 40, 45 பாகைக்கு வந்துவிடும், இங்கிலாந்தானாலும் இங்கேயானாலும். இடைவெளி 0.03 என்று வைத்த பெயாரிங்குக்கு 32 போதும். 46ஐத் தேய்ந்த பெயாரிங்கை மறைக்கப் பாவிக்காமல், ஷிம்மைச் சரிசெய்த பிறகு இரண்டில் எது என்று தீர்மானிப்பதே என் விருப்பம். தீர்ப்புச் சொல்வது கை: ஒரு மணித்தியாலம் 640இல் ஓட்டி மூடியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வைத்திருக்க முடிந்தால் சரி. கை தானாக விலகினால் 55 பாகைக்கு மேல். இடைவெளி குறைவு, அல்லது ஒயில் தடிப்பு.


உப்புவெளிப் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் கழுவியாச்சு. சக் பலகை முறையிலேயே கழன்றது. மூடிகளைத் திறந்தால் ஷெல்லில் மெல்லிய கோடுகள், வெடிப்பு இல்லை. தூக்கிப் பார்த்த அளவு: முன் பெயாரிங் 0.08, பின் 0.03 மில்லிமீற்றர். சேடிலின் ஜிப்பை (சேடிலின் ஆட்டத்தைச் சரிசெய்யும் தகடு) சக் பக்கத்தில் ஆட்டம் இல்லாமல் வைத்தால் டெயில்ஸ்டொக் பக்கம் போகவே மறுக்கிறது. லீட் ஸ்குறூ (சேடிலை இழுக்கும் நீள மரைத் தண்டு) பள்ளத்தில் கறுப்புப் பிசின். ஹைட்ரோலிக் 46 கிடைச்சிருக்கு, 32க்கும் சொல்லியிருக்கு.


சீனக்குடா பிட்டர்:

பின் பெயாரிங்கை விட்டுவிடுங்கள். முன்னதில் ஷிம்மின் மேல் தோலை சவர அலகால் ஒரு மூலையில் கிளப்பி உரித்து, உரித்ததை மைக்றோமீற்றரில் அளவிடுங்கள். 0.05 என்றால் இரு பக்கமும் ஒவ்வொரு தோல் எடுத்தால் இடைவெளி 0.05 குறைந்து 0.03 வரும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் நடுவில் பாதிதான் குறையும், மூடியும் சற்றுச் சரியும். உரித்ததை எறியாதீர்கள், குறைத்தது கூடிவிட்டால் திரும்ப வைக்க வேண்டிவரும். போல்ட்டை இறுக்கி, ஒயில் விட்டு, சக் இல்லாமல் ஸ்பிண்டிலை விரலால் சுண்டினால் கொஞ்சத் தூரம் தானாகச் சுற்றி நிற்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் ஷெல்லுக்குப் பின்னால் தூள் கிடக்கிறது. எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள்.

முதல் ஓட்டம் 200 சுற்று அளவில் பத்து நிமிடம். நிறுத்தித் தொட்டுப் பார்த்து, அடுத்த வேகம். மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குவது பாதுகாப்பு என்று தோன்றும். அது தவறு. ஸ்பிண்டில் மிக மெதுவாகச் சுற்றினால் ஒயில் படலம் எழும்பாது.

ஜிப் பற்றி: பெட் தேய்வது எப்போதும் சக்குக்குக் கிட்ட, வேலை நடக்கிற இடத்தில். டெயில்ஸ்டொக் பக்கம் புதிதாகவே இருக்கும். ஜிப்பை இறுகும் இடத்துக்கு ஏற்ற மாதிரி வையுங்கள், சக் பக்கம் வரும் சிறு ஆட்டத்தைப் பொறுங்கள். நீண்ட வேலை இல்லாமல் புஷ் மட்டும் கடைவதென்றால் டெயில்ஸ்டொக் பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் நடுப்பகுதிக்கு வைக்கலாம்.

லீட் ஸ்குறூவுக்குப் பருத்தி நூலை மண்ணெண்ணெயில் நனைத்துப் பள்ளத்தில் ஒரு சுற்றுப் போட்டு, இரு நுனியையும் பிடித்து, ஸ்குறூவைக் கையால் சுற்றுங்கள். நூல் தானே பள்ளத்தோடு ஓடிப் பிசினைக் கொண்டுவரும். மோட்டர் போட்டுச் செய்யாதீர்கள், நூல் விரலில் சுற்றும். ஹாஃப் நட் (சேடிலை லீட் ஸ்குறூவோடு இணைக்கும் நட்) உட்புறத்தையும் கழுவின பிறகுதான் இணைக்க வேண்டும்.


கொட்டியாரக்குடா:

மாரிக்கு முதல் மூடுற விசயம். தறப்பாள் வேண்டாம். அது மழையைத் தடுக்கும், ஈரத்தை உள்ள பூட்டி வைக்கும். காத்தில வாற உப்பு, ஈரப்பதன் 75 சதவீதம் வர முதலே தண்ணியை இழுத்துக் கசியத் தொடங்கும். வாடைக்காத்துக் காலத்தில இரவெல்லாம் அதைவிடக் கூட. அதோட இரும்பு இரவில குளிர்ந்து நிக்க, காலமை வாற வெதுவெதுப்பான ஈரக் காத்து அதில பட்டு வியர்க்கும்.

பருத்தித் துணியால மூடி, அதுக்கு மேல பிளைவூட் பெட்டி ஒண்டைக் கவிழ்த்து, உள்ள 40 வாற் பழைய இழை பல்ப் ஒண்டை எரிய விடுங்க. எல்.ஈ.டி. சூடு தராது. பல்ப் துணியிலயும் பலகையிலயும் படாமல் கம்பிக் கூட்டுக்குள்ள, பெட்டுக்குக் கீழ இருக்கட்டும். இரும்பு வெளிக்காத்தை விட ரெண்டு மூண்டு பாகை கூட இருந்தாலே வியர்வை நிக்கும். ஒரு மாசத்துக்கு மேல ஓட்டாமல் விடுறதெண்டா கிறீஸை மண்ணெண்ணெயில கூழாக் கரைச்சு பெட்டில தூரிகையால பூசலாம். திரும்ப ஓட்ட முதல் அவ்வளவையும் துடைச்செடுக்க வேணும்.

அதே அறையில என்ன இருக்கெண்டும் பாருங்க. வள்ளத்து பட்டறி சார்ஜ் போடுறது, கக்கூஸ் கழுவுற அசிட் போத்தல், ஈயம் பத்த வைக்கிற அசிட், இந்த மூண்டின்ர ஆவியும் ஒரே இரவில பெட்டைச் சிவப்பாக்கும். வேற கொட்டிலுக்குக் கொண்டு போங்க.

வேலைக்கு வாற சாமானும் கடல்ல இருந்துதான் வருது. பழைய ஸ்டேர்ன் புஷ்சுக்குள்ள (வள்ளத்துப் பின்பக்கச் சாஃப்டின்ர புஷ்) மணலும் உப்பும் இறுகிக் கிடக்கும். சக்கில போட முதல் வெளியில கழுவிக் காய வையுங்க. இல்லாட்டி முதல் வெட்டிலயே மணல் பெட்டில கொட்டும். சாஃப்டை எமரியால மினுக்க வேணுமெண்டா பெட்டில ஈரக் கடதாசி விரிச்சுச் செய்து, கடதாசியோட தூளையும் எடுத்து எறியுங்க. தண்ணி கலந்த கூலன்ட் இந்த மெசினுக்குத் தேவையில்லை. சவர்த் தண்ணியில கலந்தா அது பிரிஞ்சு, சேடிலுக்குக் கீழ போய்க் கறளாகும். ஸ்டெயின்லெஸ்சுக்குக் கட்டிங் ஒயிலைத் தூரிகையால தொட்டு வைச்சாப் போதும், பித்தளைக்கு வறட்டு வெட்டு.

கச்சான் காலத்தில ஈரம் குறைவு, தூசி கூட. அந்த மாதங்களில சேஞ்ச் கியர் (லீட் ஸ்குறூவைச் சுத்துற, மாத்திப் போடுற கியர்) பற்களுக்கு ஒயில் குறைவா விட்டு, மூடியைத் திறந்து வைக்காதீங்க.


நிலாவெளிக் கடைசல்:

சேஞ்ச் கியர் மாத்தேக்க ரெண்டு பல்லுக்கிடையில மெல்லிய கொப்பித் தாளை வைச்சு நெருக்கி இறுக்கி, தாளைச் சுத்தி வெளியில எடுங்கோ. தாள் மடிஞ்சு கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. இறுக்கமா வைச்சாச் சத்தம் போட்டு கியர் சுத்துற ஸ்ரட்டின்ர புஷ்சைத் தின்னும்.

மோட்டர் கன காலம் ஈரத்தில கிடந்ததால வயரைத் திரும்பப் பூட்ட முதல் எலக்ட்ரீசியனிட்டைச் சொல்லி 500 வோல்ட் மெகரால (மின்காப்பை அளக்கிற கருவி) சுருளுக்கும் உடலுக்கும் இடையில அளக்க வையுங்கோ. ஒரு மெகஓம் கூட இல்லாட்டிப் பல்ப் சூட்டில ரெண்டு நாள் காய வைச்சுத் திரும்ப அளக்கட்டும். மெசின் உடலுக்கு எர்த் கட்டாயம்.

பட்டறையில வெல்டிங்கும் நடக்குமெண்டா இன்னொண்டு. சக்கில பிடிச்ச சாஃப்டுக்கு அங்கயே வைச்சு வெல்ட் அடிக்க விடாதேங்கோ. எர்த் கிளாம்ப் பெட்டில இருந்தா கறன்ட் முழுக்க ஸ்பிண்டில் பெயாரிங்குக்குள்ளால போகும்; ஒயில் படலத்துக்குள்ள பொறி பறந்து வைட் மெட்டலில ஊசிக் குழிகள் விழும். சாஃப்டைக் கழற்றி மேசையில வைச்சு வெல்ட் பண்ணி, ஆறினாப் பிறகு சக்கில போட்டுக் கடையுங்கோ.